ஐயெல்ட்ஸ் பேச்சுத் தேர்வில் சைக்கிள் பற்றிக் கேட்டால் என்ன பேசுவது?

கேள்வி கேட்டவர் தங்கச்சிமடத்துக்காரர். தினமும் பஸ்ஸில் பாம்பன் பாலம் தாண்டி ராமநாதபுரம் போய் நர்ஸ் வேலை பார்க்கிறார். பிரிட்டன் வேலைக்காக ஐயெல்ட்ஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வை எழுதுகிறார். அங்கே நர்ஸாகப் பதிவு செய்யப் பேச்சில் 7 வேண்டும். இவருக்கு 6-லேயே நிற்கிறது. போன தேர்வின் முதல் பகுதியில் சைக்கிளைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். இவர் சொன்ன பதில்: "யெஸ், ஐ ஆம் ஹேவிங் சைக்கிள். டெய்லி ஐ ஆம் கோயிங் பை சைக்கிள். இட் இஸ் வெரி குட் ஃபார் ஹெல்த் அண்ட் என்விரான்மென்ட்." அடுத்த கேள்விக்கும் அதே ஹெல்த், அதே என்விரான்மென்ட். "சைக்கிளைப் பற்றிப் பேச அப்படி என்னதான் இருக்கிறது? பதிலை எப்படி நீட்டுவது? எனக்குச் சைக்கிளே பிடிக்காது, அதை மறைக்க வேண்டுமா?" என்று கேட்கிறார்.

நீட்ட வேண்டியதில்லை. ஹெல்த்தையும் என்விரான்மென்ட்டையும் எடுத்துவிட்டு, உங்கள் வீட்டு வாசலில் நிற்கும் அந்த ஒரு சைக்கிளைப் பற்றி மட்டும் பேச வேண்டும். கோச்சிங்கில் கொடுக்கும் "பாயின்ட்" எல்லாம் பொதுக் கருத்துகள். பொதுக் கருத்துக்கு ஒரே இலக்கணம்தான் வரும்: இட் இஸ் குட், இட் இஸ் பேட். குறிப்பான விஷயத்தைச் சொல்லத் தொடங்கினால் அதுவே இலக்கணத்தை இழுத்துக்கொண்டு வரும். யார் கொடுத்த சைக்கிள் என்று சொன்னால் இறந்தகாலமும் செயப்பாட்டு வினையும் வரும். ஏன் துருப்பிடிக்கிறது என்றால் காரண வாக்கியம் வரும். காற்று எதிரே அடித்தால் என்ன செய்வீர்கள் என்றால் "இஃப்" வரும். மதிப்பெண் இதற்குத்தான்.

கீழே ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். கண்ணால் மேயாமல் வாய்விட்டுப் படிக்க வேண்டும் என்பதற்காக. "ரைட்" என்று வருமிடமெல்லாம் சைக்கிள் ஓட்டுவதுதான். கடைசி ஒலியை மென்மையாகச் சொல்லுங்கள்.

முதலில் தேர்வின் எலும்புக்கூடு. மொத்தம் 11 முதல் 14 நிமிடம், நேருக்கு நேர், ஒலிப்பதிவோடு. முதல் பகுதி 4 அல்லது 5 நிமிடம், உங்களைப் பற்றிய சின்னச் சின்னக் கேள்விகள். இரண்டாவதில் ஓர் அட்டை கொடுப்பார்கள். 1 நிமிடம் குறிப்பெடுத்து, 1 முதல் 2 நிமிடம் தனியாகப் பேச வேண்டும். மூன்றாவது 4 அல்லது 5 நிமிடம், அதே பொருளைச் சமூகத்தோடு சேர்த்து அலசுவது. மதிப்பெண் நான்கு அளவுகோல்களில், நான்குக்கும் சம எடை: தடையின்றிக் கோவையாகப் பேசுதல், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு. இரண்டில் 7, இரண்டில் 6 வாங்கினால் 6.5-தான். "கருத்து எவ்வளவு உயர்ந்தது" என்று ஓர் அளவுகோல் இல்லை என்பதைக் கவனியுங்கள். சைக்கிளால் பூமி பிழைக்கும் என்று சொல்வதற்கு அங்கே தனியாக மார்க் கிடையாது.

உங்கள் பதிலுக்கு வருவோம். "ஐ ஆம் ஹேவிங்" தவறு. ஒரு பொருள் நம்மிடம் இருப்பதைச் சொல்ல "ஐ ஹேவ்" மட்டும்தான். "டெய்லி ஐ ஆம் கோயிங்" என்பதும் தவறு. தமிழில் "போகிறேன்" என்றால் இந்த நிமிடம் போவதும் ஆகும், தினமும் போவதும் ஆகும். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் வேறு வேறு வடிவம். பழக்கத்துக்கு "ஐ கோ". நம் பக்கத்து மாணவர்கள் 6-ல் சிக்குவதற்கு இந்த ஒரு பிழை பெரிய காரணம், ஏனென்றால் முதல் பகுதிக் கேள்விகள் பெரும்பாலும் பழக்கத்தைப் பற்றியவை. பிழை ஒன்றுதான், ஆனால் பத்துத் தடவை காதில் விழும்.

இப்போது அதே கேள்விக்கு இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "யெஸ், ஐ டூ. ஐ ஹேவ் அன் ஓல்ட் லேடீஸ் பைக். லைக் மோஸ்ட் கேர்ல்ஸ் இன் மை ஸ்கூல், ஐ வாஸ் கிவன் இட் ஃப்ரீ இன் த இலெவன்த் ஸ்டாண்டர்ட், அண்ட் ஐ ஸ்டில் ரைட் இட் டு த பஸ் ஸ்டாப். வி லிவ் வெரி க்ளோஸ் டு த சீ, ஸோ த செயின் ரஸ்ட்ஸ் இஃப் ஐ டோன்ட் ஆயில் இட் எவ்ரி வீக்."

இதில் கடினமான சொல் ஒன்றுகூட இல்லை. ஆனால் "ஐ வாஸ் கிவன்" செயப்பாட்டு வினை, "ஐ ஸ்டில் ரைட்" பழக்கம், "ஸோ" காரணம், "இஃப் ஐ டோன்ட்" நிபந்தனை. இருபது விநாடிக்குள் நான்கு அமைப்புகள். அரசுப் பள்ளியிலும் உதவிபெறும் பள்ளியிலும் 11-ஆம் வகுப்பில் கிடைக்கும் விலையில்லா மிதிவண்டி நமக்குச் சாதாரணம். வெளியூர்த் தேர்வாளருக்கு அது புதுச் செய்தி. அவர் நிமிர்ந்து கேட்பார்.

முதல் பகுதியில் இந்த நீளம் போதும், இரண்டு முதல் நான்கு வாக்கியம். தேர்வாளர் நடுவில் நிறுத்தி அடுத்த கேள்விக்குப் போனால் பயப்பட வேண்டாம். நேரக் கணக்கு அவருடைய வேலை, உங்கள் பதில் பிடிக்கவில்லை என்று அர்த்தமில்லை. கேள்வி புரியாவிட்டால் "ஸாரி, குட் யூ ரிப்பீட் தட்?" என்று கேட்பதும் குற்றமில்லை. புரியாமல் வேறு எதையோ பேசுவதுதான் நஷ்டம்.

அப்படி நஷ்டப்பட சைக்கிள் பாடத்தில் ஒரு குழி இருக்கிறது. நம் ஊரில் பைக் என்றால் மோட்டார் சைக்கிள்தான். தேர்வில் "டூ யூ ரைட் எ பைக்?" என்று கேட்டு, முன்கேள்வி சைக்கிளைப் பற்றியிருந்தால், பைக் என்பதும் சைக்கிள்தான். அங்கே போய் லைசென்ஸ், பெட்ரோல், ஹெல்மெட் என்று பேசினால் பதில் கேள்வியை விட்டு விலகிவிடும். மோட்டார் வண்டியைச் சொல்ல வேண்டுமானால் "மோட்டர்பைக்" அல்லது "ஸ்கூட்டர்" என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

"எவ்வளவு அடிக்கடி ஓட்டுவீர்கள்?" இது வர வாய்ப்புள்ள கேள்வி. பலர் "ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்" என்று எங்கோ மனப்பாடம் செய்ததை எடுத்து வீசுவார்கள். அதைத் தேர்வாளர் வாரம் முழுக்கக் கேட்டு அலுத்திருப்பார். உங்களிடம் அதைவிட நல்ல சரக்கு இருக்கிறது: காற்று. பாம்பன் தீவில் இருப்பவர் சைக்கிள் எடுப்பதும் எடுக்காததும் கச்சான் என்ற தென்மேற்குக் காற்றைப் பொறுத்தது. அதையே சொல்லுங்கள். "இட் டிபெண்ட்ஸ் ஆன் த விண்ட், ரியலி. ஃப்ரம் ஜூன் டு செப்டம்பர் எ ஸ்ட்ராங் சவுத்-வெஸ்ட் விண்ட் ப்ளோஸ் அக்ராஸ் த ஐலண்ட், அண்ட் ஐ எண்ட் அப் புஷிங் த பைக் மோர் தேன் ரைடிங் இட். இன் மார்ச், தோ, வென் இட்ஸ் காம், ஐ டேக் இட் அவுட் ஆல்மோஸ்ட் எவ்ரி டே." இதில் "எண்ட் அப் புஷிங்" என்பது கடைசியில் உருட்டிக்கொண்டுதான் போக வேண்டியிருக்கிறது என்ற பொருள் தரும், இயல்பான பேச்சு வழக்கு. "தோ" என்பதை வாக்கியத்தின் நடுவில் வைத்தது "பட்" என்று தொடங்கும் பழக்கத்திலிருந்து ஒரு மாற்றம். எதிர்காற்றுக்கு "ஹெட்விண்ட்", பின்காற்றுக்கு "டெய்ல்விண்ட்", பக்கவாட்டில் தள்ளும் காற்றுக்கு "க்ராஸ்விண்ட்". இந்த மூன்றையும் கற்று வைத்துக்கொள்ளுங்கள். ராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடி போகும் சாலை தென்கிழக்காக ஓடுகிறது. ஆடியில் கச்சான் வலப்பக்கம் அடிக்கும், மார்கழியில் வாடை இடப்பக்கம் அடிக்கும். ஆக அந்தச் சாலையில் வருஷத்தின் பெரும்பகுதி க்ராஸ்விண்ட்தான்.

சிறுவயதில் ஓட்டினீர்களா என்று கேட்டால் "யூஸ்ட் டு" வந்தே ஆக வேண்டும். ஆனால் "ஐ யூஸ்ட் டு ரைட்" என்றால் முன்பு ஓட்டுவேன், இப்போது இல்லை. "ஐ ஆம் யூஸ்ட் டு ரைடிங்" என்றால் ஓட்டிப் பழகிப்போய்விட்டது. இரண்டையும் குழப்பி "ஐ ஆம் யூஸ்ட் டு ரைட் இன் மை சைல்டுஹுட்" என்று சொல்வது மிகச் சாதாரணமான பிழை. குரங்கு பெடல் போட்டவர் என்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம். அதற்கு ஆங்கிலத்தில் ஒரே சொல் தேடாதீர்கள், செயலை விவரியுங்கள். "மை ஃபாதர்ஸ் பைக் வாஸ் ஃபார் டூ டால் ஃபார் மீ, ஸோ ஐ யூஸ்ட் டு புட் ஒன் லெக் த்ரூ த ஃப்ரேம், அண்டர் த க்ராஸ்பார், அண்ட் பெடல் லைக் தட், லீனிங் டு ஒன் சைட். ஐ மஸ்ட் ஹேவ் ஃபாலன் ஆஃப் எ ஹண்ட்ரட் டைம்ஸ்." சொல் தெரியாத இடத்தில் விவரித்துக் கடப்பதே சொல்வள அளவுகோலில் தனியாகக் கவனிக்கப்படும் திறமை. ஸ்போக் என்ற சொல் அந்த நேரம் நினைவுக்கு வராவிட்டால் "த தின் வயர்ஸ் இன் த வீல்" என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள். "ஐ ஃபர்காட் த வேர்ட்" என்று ஐந்து விநாடி மேலே பார்த்து நிற்பதுதான் தடையாகப் பதிவாகும்.

சைக்கிளுக்கே உரிய வினைச்சொற்கள்தான் பலரிடம் இல்லாதவை. தமிழில் கார், படகு, சைக்கிள் எல்லாமே ஓட்டுவதுதான்; அதனால் "டிரைவ் எ சைக்கிள்" என்று வருகிறது. சைக்கிளுக்கு "ரைட்". ஏறுவது "கெட் ஆன்", இறங்குவது "கெட் ஆஃப்". "க்ளைம்ப்", "கெட் டவுன்" வேண்டாம். சைக்கிள் பழகினேன் என்பதற்கு "ஐ லேர்ண்ட் சைக்கிள்" இல்லை, "ஐ லேர்ண்ட் டு ரைட் எ பைக்". காற்றடிப்பது "பம்ப் அப் த டயர்ஸ்". காற்று இறங்கிப்போனால் "த டயர் வென்ட் ஃப்ளாட்". செயின் கழன்றால் "த செயின் கேம் ஆஃப்". டபுள்ஸ் அடித்தால் "ஐ கேவ் மை சிஸ்டர் எ லிஃப்ட் ஆன் த பேக்". ஹேண்டில்பார் பெரும்பாலும் பன்மையில், "ஹேண்டில்பார்ஸ்". மூன்று பேர் வரிசையாக ரோட்டை அடைத்துக்கொண்டு போவது "த்ரீ அப்ரெஸ்ட்". பள்ளிவிடும் நேரத்தில் உச்சிப்புளியிலோ தேவிபட்டினத்திலோ நின்றவருக்கு அந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை. "சைக்கிள்" என்பதை வினையாகவும் போடலாம்: "ஐ சைக்கிள் டு த பஸ் ஸ்டாப்." "கோ பை சைக்கிள்" தவறில்லை, ஆனால் இது சுருக்கமானது.

நம் கடற்கரைக்கே உரிய இரண்டு தொல்லைகளைப் பற்றி ஆங்கிலத்தில் பேசப் பழகிவிட்டால் சைக்கிள் தொடர்பான எந்தக் கேள்விக்கும் வாய் திறக்கும். ஒன்று உப்பு. உப்புக்காற்று ஈரத்தை இழுத்துச் செயினில் உட்கார வைக்கிறது, இரும்பு துருப்பிடிக்கிறது, ஸ்போக்கின் முனையில் உள்ள திருகு இறுகிவிடுவதால், சக்கரத்தின் கோட்டம் எடுக்க மெக்கானிக் திருப்பும்போது ஸ்போக் முறிகிறது. பிரேக் கம்பி உறைக்குள்ளேயே துருவேறி லீவர் இறுகிவிடுகிறது. "த பிரேக்ஸ் கெட் ஸ்டிஃப் பிகாஸ் த கேபிள்ஸ் ரஸ்ட் இன்சைட்" என்று ஒரே வரி. "எ பைக் தட் வுட் லாஸ்ட் டென் இயர்ஸ் இன் மதுரை லாஸ்ட்ஸ் எபவுட் ஹாஃப் தட் ஹியர்" என்று ஒப்பீடு செய்தால் இன்னும் நல்லது. கணக்கு உங்கள் அனுபவத்துக்கு ஏற்ப இருக்கட்டும். யாரும் அளந்து பார்க்கப் போவதில்லை.

மற்றது சீமைக்கருவேல முள். மண்டபத்திலிருந்து சாயல்குடி வரை எந்தப் பக்கச் சாலையில் இறங்கினாலும் பஞ்சர். "த ரோட்ஸைட் இஸ் ஃபுல் ஆஃப் தார்னி புஷஸ், ஸோ பங்க்ச்சர்ஸ் ஆர் பார்ட் ஆஃப் லைஃப்." பஞ்சர் ஒட்டுவதை அடுக்காகச் சொல்லத் தெரிந்தால் அது கோவைக்கு நல்ல பயிற்சி: "தே டேக் த ட்யூப் அவுட், பம்ப் இட் அப் அண்ட் டிப் இட் இன் எ டப் ஆஃப் வாட்டர். வேர்எவர் த பபுல்ஸ் கம் அவுட், தட்ஸ் வேர் த ஹோல் இஸ். தென் தே ரப் த ஸ்பாட் வித் சேண்ட்பேப்பர், புட் ஸம் க்ளூ ஆன், லெட் இட் ட்ரை ஃபார் எ ஃப்யூ மினிட்ஸ் அண்ட் ப்ரெஸ் எ பேட்ச் ஓவர் இட்." கடைக்காரர் சொல்லும் "சொல்யூஷன்" என்பதை இங்கே "க்ளூ" என்று மாற்றியிருக்கிறேன், சொல்யூஷன் என்றால் கேட்பவருக்கு முதலில் வேறு பொருள் தோன்றலாம். கடைசியில் ஒரு வரி சேர்த்தால் பேச்சு உயிர் பெறும்: "பட் இஃப் தே டோன்ட் புல் த தார்ன் அவுட் ஆஃப் த டயர், யூ'ல் பி பேக் த நெக்ஸ்ட் மார்னிங்." பஞ்சர் ஒட்டிய மறுநாளே காற்று இறங்குவதற்குப் பாதி நேரம் அதுதானே காரணம்.

உச்சரிப்பு. "பை-சைக்கிள்" என்று இரண்டாவது அசையை நீட்டுவதை விடுங்கள். அது "பைஸிக்ல்", அழுத்தம் "பை"யில், நடுவில் "ஸி" குறில். தனியாக வரும்போது "ஸைக்ல்". "வெஹிக்கிள்" இல்லை, "வீயிக்ல்", நடுவில் ஹகரம் ஒலிக்காது. "பஞ்சர்" இல்லை, "பங்க்ச்சர்". "கம்ஃபர்டபிள்" என்று நான்கு அசை போடாமல் "கம்ஃப்டபுல்". இவையெல்லாம் சில நாளில் திருந்திவிடும். திருந்த நாளாவது வேறு இரண்டு. ஒன்று, சொல்லின் கடைசியில் நாம் சேர்க்கும் உகரம்: பைக்கு, ரைடு, ரோடு, ரஸ்ட்டு. வல்லின மெய்யில் சொல்லை முடிக்கத் தமிழ் விரும்பாது. அந்தப் பழக்கம் ஆங்கிலத்துக்குள் போகும்போது ஒவ்வொரு சொல்லும் ஓர் அசை நீண்டு, தாளமே மாறிவிடுகிறது. தீர்வு: அடுத்த சொல்லோடு ஒட்டிச் சொல்வது. "ரைட் இட்" என்பதை "ரைடிட்" என்றும், "கெட் ஆஃப்" என்பதை "கெட்டாஃப்" என்றும் ஒரே மூச்சில் சொல்லிப் பழகினால் உகரத்துக்கு இடமே இருக்காது. இன்னொன்று, உயிரெழுத்தில் தொடங்கும் சொல்லுக்கு முன்னால் வரும் யகர வகரம்: "எவ்ரி" என்பது "யெவ்ரி" ஆகிறது, "ஓன்லி" என்பது "வோன்லி" ஆகிறது. கண்ணாடி முன் நின்று சொன்னால் உதடு குவிவது தெரியும். வெள்ளைக்காரர் மாதிரிப் பேச முயல வேண்டாம். தமிழ் வாடை இருப்பதற்காக மார்க் குறையாது; புரிந்துகொள்ளக் கேட்பவர் சிரமப்பட்டால்தான் குறையும். இரவல் உச்சரிப்பு இரண்டு நிமிடத்தில் களைத்து நடுவழியில் இறங்கிவிடும்.

இரண்டாவது பகுதியில் சைக்கிள், மோட்டார் சைக்கிள் அல்லது காரில் போக விரும்பும் ஒரு பயணத்தைப் பற்றி அட்டை வருவதுண்டு. எங்கே, யாரோடு, எப்போது, ஏன் என்று நான்கு குறிப்பு இருக்கும். இங்கே பலர் செய்யும் தவறு, அந்த ஒரு நிமிடத்தில் முழு வாக்கியம் எழுதுவது. இரண்டு வரி எழுதுவதற்குள் நேரம் முடியும். பிறகு அந்த இரண்டு வரியை வாசித்துவிட்டு 40 விநாடியில் நின்றுவிடுவார்கள். எட்டுப் பத்துச் சொற்கள் மட்டும் எழுதுங்கள். உதாரணமாக: தனுஷ்கோடி, கசின், டான், 20 கிமீ, க்ராஸ்விண்ட், 1964, வாட்டர், பஞ்சர், ஒய். ஒவ்வொரு சொல்லுக்கும் இரண்டு வாக்கியம் வந்தால் நேரம் நிறையும்.

இந்தப் பயணம் இன்னும் நடக்காதது. அதனால் முழுக்க "ஐ வில் கோ" என்று போகக்கூடாது. "ஐ'ட் லவ் டு", "வி'ட் ஹேவ் டு", "இட் வுட் பி" என்று "வுட்" ஆளவேண்டிய இடம் இது. "ஐ'ட் லவ் டு சைக்கிள் ஃப்ரம் ராமேஸ்வரம் டு த டிப் ஆஃப் தனுஷ்கோடி வித் மை கசின். இட்ஸ் ஒன்லி எபவுட் ட்வென்ட்டி கிலோமீட்டர்ஸ், பட் தேர்ஸ் ஹார்ட்லி எனி ஷேட், ஸோ வி'ட் ஹேவ் டு செட் ஆஃப் பிஃபோர் டான் அண்ட் கேரி ஆல் அவர் வாட்டர்." நடுவில் ஊரின் கதைக்கு இறந்தகாலம்: "தேர் யூஸ்ட் டு பி எ டவுன் தேர், வித் எ ரயில்வே ஸ்டேஷன் அண்ட் எ சர்ச், பட் இட் வாஸ் டெஸ்ட்ராய்ட் பை எ சைக்ளோன் இன் டிசம்பர் நைன்டீன் சிக்ஸ்டி-ஃபோர்." சாலைக்கு இன்னொரு காலம்: "ஃபார் டெகேட்ஸ் யூ குடன்ட் சைக்கிள் ஆல் த வே. த ரோட் டு த டிப் ஒன்லி ஓபண்ட் இன் ட்வென்ட்டி செவன்டீன்." பிறகு என்ன தவறாகலாம்: "இஃப் வி காட் எ பங்க்ச்சர் ஹாஃப்வே, தேர் வுடன்ட் பி எ ரிப்பேர் ஷாப் ஃபார் மைல்ஸ், ஸோ ஐ'ட் டேக் எ ஸ்மால் பம்ப் அண்ட் எ ஸ்பேர் ட்யூப்." பேச்சு வற்றும்போது இந்த "என்ன தவறாகலாம்" என்பதுதான் கைகொடுக்கும். அழகாக இருக்கும், மகிழ்ச்சியாக இருக்கும் என்று முடிப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

ஓர் எச்சரிக்கை: சைக்ளோன் என்பதில் அழுத்தம் "ஸை" மேல், சைக்ளிங் என்பதிலும் அப்படியே. பதற்றத்தில் இரண்டும் ஒன்றுக்கொன்று மாறி வந்துவிடும். சேர்த்துச் சொல்லிப் பழகுங்கள்.

மூன்றாவது பகுதியில் "நான்" குறைய வேண்டும். "ஏன் முன்பைவிடக் குறைவானவர்கள் சைக்கிள் ஓட்டுகிறார்கள்?", "அரசு சைக்கிளை ஊக்குவிக்க வேண்டுமா?" என்ற ரகக் கேள்விகள் வரும். இங்கேயும் ஹெல்த்-என்விரான்மென்ட் ஜோடி ஓடிவரும். வந்தால் ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டு, கருத்துக்கு ஓர் எல்லை போடுங்கள். "ஐ திங்க் தே ஷுட், பட் கிவிங் அவுட் பைஸிக்ல்ஸ் இஸ் ஒன்லி ஹாஃப் த ஜாப். ஆன் எ கோஸ்டல் ஹைவே வித் நோ சைக்கிள் லேன் அண்ட் டூரிஸ்ட் வேன்ஸ் ரஷிங் பாஸ்ட், பேரன்ட்ஸ் ஆர் அண்டர்ஸ்டாண்டபுலி நெர்வஸ் எபவுட் லெட்டிங் தேர் சில்ட்ரன் சைக்கிள்." மதுரையிலிருந்து வரும் நெடுஞ்சாலையில் சீசன் நாட்களில் சைக்கிளில் போனவருக்கு இந்த வாக்கியம் யோசிக்காமலே வரும்.

பெண்களும் சைக்கிளும் என்று பேச்சு திரும்பினால் பக்கத்து மாவட்டத்திலேயே உலகம் கவனித்த உதாரணம் இருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தோடு சேர்த்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகினார்கள். "இன் த அர்லி நைன்டீன் நைன்டீஸ், தவுசண்ட்ஸ் ஆஃப் விமன் இன் எ நெய்பரிங் டிஸ்ட்ரிக்ட் லேர்ண்ட் டு சைக்கிள் அஸ் பார்ட் ஆஃப் எ லிட்டரசி கேம்பெய்ன். இட் மென்ட் தே நோ லாங்கர் ஹேட் டு வெய்ட் ஃபார் எ பஸ், ஆர் ஃபார் எ மேன் டு டேக் தெம்." இந்த இரண்டாவது வாக்கியத்துக்குத்தான் உதாரணமே. தேதியும் ஊரும் சொல்லிவிட்டு விளைவைச் சொல்லாமல் நிறுத்தினால் அது பொது அறிவுக் குறிப்பாகிவிடும். நெதர்லாந்தைச் சொல்ல ஆசைப்பட்டால் சொல்லுங்கள், அங்கே ஆட்களைவிட சைக்கிள் அதிகம் என்பது உண்மைதான். ஆனால் அதற்கடுத்த கேள்விக்கு உங்களிடம் சரக்கு இருக்காது.

பழகும் விதம். பதிலை முதலில் எழுதாதீர்கள். எழுதியதைப் பேசினால் வாசிப்பது போல ஒரே சுருதியில் வரும். தேர்வாளர் உடனே கண்டுகொண்டு, நீங்கள் எதிர்பாராத பக்கத்திலிருந்து கேட்பார். போனில் 30 விநாடி பதிவு செய்யுங்கள். பிறகு அதைக் கேட்டு, "ம்", "ஆக்சுவலி" உட்பட, உள்ளபடியே எழுதுங்கள். சிவப்பு மையில் வினைச்சொற்களை மட்டும் வட்டமிடுங்கள்: காலம் சரியா, "இங்" தேவையா, "ஷி" வந்த இடத்தில் "ஸ்" இருக்கிறதா. அவற்றை மட்டும் திருத்தி, தாளை மூடிவிட்டு, மறுபடி பதிவு செய்யுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு கேள்வி போதும். எல்லாப் பிழையையும் ஒரே நாளில் திருத்தப் போனால் பேச்சு நின்று நின்று வரும். இலக்கணம் ஏறி, தடையின்மை இறங்கி, கூட்டிக் கழித்தால் அதே 6. பஸ் பாலம் ஏறும் நேரம் வாய்க்குள் சொல்லிப் பார்க்க நல்ல நேரம்தான், ஆனால் பதிவு செய்யாத பயிற்சியில் உங்கள் பிழை உங்கள் காதில் விழாது.

"தட்ஸ் எ வெரி இன்ட்ரஸ்டிங் க்வெஸ்சன்" என்று ஒவ்வொரு பதிலையும் தொடங்கச் சொல்லிக் கொடுத்திருந்தால் அதை விட்டுவிடுங்கள். "சைக்கிள் வைத்திருக்கிறீர்களா?" என்பது யாருக்கும் இன்ட்ரஸ்டிங் க்வெஸ்சன் இல்லை. யோசிக்க நேரம் வேண்டுமென்றால் "லெட் மீ திங்க்" போதும்.

பிடிக்காததை மறைக்க வேண்டுமா என்ற கேள்விக்குப் பதில்: வேண்டாம். நீங்கள் சொல்வது உண்மையா என்று யாரும் சோதிப்பதில்லை. ஆனால் இல்லாத ஆசையை இட்டுக்கட்டிக்கொண்டே இலக்கணத்தையும் பார்ப்பது இரட்டை வேலை, பேச்சு தடுமாறும். பிடிக்காததற்குக் காரணம் உங்களிடம் ரெடியாக இருக்கும், காரணம் இருந்தால் வாக்கியம் இருக்கும். "நாட் ரியலி, டு பி ஆனஸ்ட். ஐ ஒர்க் ட்வெல்வ்-அவர் ஷிஃப்ட்ஸ், அண்ட் பை த டைம் ஐ கெட் ஆஃப் த பஸ், த லாஸ்ட் திங் ஐ வான்ட் இஸ் எ ஹெட்விண்ட். இஃப் ஐ குட் அஃபோர்ட் எ ஸ்கூட்டர், ஐ'ட் கிவ் த பைக் டு மை நெய்பர்ஸ் டாட்டர் டுமாரோ." ஷிஃப்ட் நேரத்தை உங்களுடையதுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.